டிம்பாங் அக்காவின் நட்சத்திரக் கப்பல்

நூற்றைம்பது வருடம் ஓடுகிற ஒரு கப்பல். கடலில் இல்லை, வானத்தில். நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற நட்சத்திரத்துக்குப் போகிறது. ஏறுகிறவர்கள் யாரும் போய்ச் சேரமாட்டார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரன் பேத்திகள்தான் இறங்குவார்கள். அந்தக் கப்பலில் உன் பிள்ளையை ஏற்றிவிடுவாயா?

என் மூத்த மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது ஒரு அக்கா என்னிடம் இதைக் கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. மகளுக்கு இப்போது நான்கு வயது. இன்னும் தெரியவில்லை.

அந்த அக்கா கோலசிலாங்கூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்து எண்ணெய் மில்லில், சோதனைக்கூடத்தில் வேலை செய்தார். செம்பனை எண்ணெயில் அமிலம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். எண்ணெய் இளஞ்சிவப்பாக மாறுகிற அந்த ஒரு சொட்டில் நிறுத்திவிடுவார். மற்றவர்கள் இரண்டு மூன்று சொட்டு தாண்டித்தான் கையை எடுப்பார்களாம்.

மில்லில் அவரை டிம்பாங் அக்கா என்பார்கள். பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுக்கிற மேடைக்கு எங்கள் ஊரில் டிம்பாங் என்று பேர். அக்கா அந்த மேடையில் வேலை செய்யவில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் எடை பார்ப்பார். “இது இல்லாம போக முடியாதா?” என்பதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கிற கேள்வி. நான் பிரசவத்துக்கு ரவாங்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகப் பை கட்டியபோது வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். இரண்டாவது ஃபிளாஸ்க், நான்காவது சேலை, மாமியார் கொடுத்த பித்தளைச் சொம்பு. சொம்பு மட்டும் வேண்டும் என்று கெஞ்சினேன். “சரி வச்சுக்க லா. வெளிய கிடக்கிறது உங்க மாமியார் கண்ணுல பட்டா என்னையும் சேர்த்து மூட்டை கட்டிப்புடுவாங்க” என்றார்.

அவர் வீட்டில் ஒரு தட்டு, ஒரு கிளாஸ், இரண்டு பாத்திரம். யாராவது வந்தால் விருந்தாளிக்குத் தட்டு, அவருக்குப் பாத்திரத்தின் மூடி. கழுத்திலும் கையிலும் ஒன்றுமில்லை. புருஷன் லோரி விபத்தில் செத்துப் பல வருடம் ஆகிறது, பிள்ளை குட்டி இல்லை, அதனால் அப்படி இருக்கிறார் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆறாம் படிவம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தின வகுப்பு வரை, அறிவியல் படித்தவர். வெளிநாட்டில் விண்வெளி ஆராய்ச்சிச் சங்கம் ஒன்று வெளியிட்ட சஞ்சிகை அவருக்குத் தபாலில் வரும். அதைப் படித்துப் படித்து அவரே ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்திருந்தார். மனிதர்கள் இன்னொரு நட்சத்திரத்துக்குப் போக முடியுமா? முடியும் என்றால் எந்த மாதிரி இயந்திரத்தால்? அந்தச் சங்கத்துக்கு அனுப்புவதற்காக ஆங்கிலத்தில் எழுதினார். நான் அப்போது தோட்டத்து ஆபீசில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் காலியாக இருக்கும்போது டைப் அடித்துத் தரச் சொன்னார். ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணியிடம் நானே அனுமதி கேட்டேன். நட்சத்திரத்துக்கு என்று சொல்லப் பயந்து, மில் விஷயம் என்று சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பொய் உறுத்துகிறது.

முதல் வாரமே தப்பு செய்தேன். வெளிச்சத்தின் வேகத்தை எழுதும்போது பத்துக்கு மேலே சின்னதாக எட்டு வரவேண்டும். அதற்கு உருளையை அரைப் பல் திருப்ப வேண்டும். எனக்கு அது தெரியாது. எல்லா இடத்திலும் நூற்றெட்டு என்று அடித்திருந்தேன். கோவிலில் நூற்றெட்டுக் குடம், நூற்றெட்டு விளக்கு என்று கேட்டுப் பழகிய கைக்கு அது சரியாகத்தான் தெரிந்தது.

அக்கா படித்துப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே அன்றுதான். “உன் கணக்குப்படி வெளிச்சத்தைவிட சத்தம் வேகமா போகுது. இனிமே முதல்ல இடி இடிக்கும், அப்புறமா மின்னும்.”

ஆறு பக்கத்தைத் திரும்ப அடித்தேன். அடித்து முடித்ததும் அக்கா கத்தரிக்கோல் எடுத்து, ஒவ்வொரு தாளிலும் நான்கு பக்கமும் எழுத்தில்லாத ஓரத்தை வெட்டினார். வான்தபாலில் வெறும் காகிதத்தை எதற்கு அனுப்ப வேண்டும் என்றார். அவ்வளவு அழகாக ஓரம் விட்டு அடித்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டைப் அடிக்க அடிக்கத்தான் அவர் என்ன சொல்கிறார் என்று புரிய ஆரம்பித்தது. இன்றைக்கு இருக்கிற ராக்கெட்டில் கிளம்பினால் அந்த நட்சத்திரத்துக்குப் போக எழுபதாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். நான் தாளை உருவிவிட்டு, பூஜ்ஜியம் அதிகமாகிவிட்டதா என்று கேட்டேன். இல்லை, சரிதான் என்றார். வேகம் வேண்டுமென்றால் நிறைய எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள், அதைத் தூக்க இன்னும். நம் மில் பாய்லர் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்துத்தான் ஓடுகிறது, லோரி தினமும் கொண்டுவந்து கொட்டுகிறது. வானத்தில் கொட்ட யார் இருக்கிறார்கள்?

வேறு வழிகளையும் எழுதியிருந்தார். நம் பொருளுக்கு நேர் எதிரான பொருள் ஒன்று இருக்கிறதாம். இரண்டும் தொட்டால் முழுவதும் சக்தியாகிவிடும். ஆனால் ஒரு தூசி அளவு செய்வதற்கே உலகத்து மின்சாரம் போதாது. அதை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார். பூமியிலிருந்து பலமான ஒளியைப் பாய்ச்சி, பாய்மரக் கப்பலில் இருப்பதுபோல் பெரிய மெல்லிய பாயைத் தள்ளுவது இன்னொரு வழி. எரிபொருளைத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம். அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் அதன் கீழே ஒரு வரி எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்: இதை எப்படி நிறுத்துவது?

இதை அவர் எனக்குக் காட்டியது பாசிர் பெனம்பாங்கில். மீன் வாங்கப் போயிருந்தோம். படகுகள் ஆற்றில் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு நண்டு விலை கேட்க வேண்டும், அவர் நகரவில்லை. படகுக்காரர் துறைக்கு வெகு தூரத்திலேயே இயந்திரத்தை அணைத்துவிடுவதைக் கவனிக்கச் சொன்னார். தண்ணீர் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. வானத்தில் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. நிற்க வேண்டுமென்றால் அதற்கான எரிபொருளையும் கிளம்பும்போதே ஏற்றிக்கொண்டு, நூறு வருடத்துக்கு மேல் தொடாமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். “போறதப் பத்தித்தான் எல்லாரும் பேசுறாங்க. நிக்கிறதப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்கிறாங்க” என்றார். மீன்காரச் சீனர், வாங்குகிறீர்களா இல்லையா என்று மலாயில் கத்தினார்.

அவர் கடைசியாக நம்பியது வெடிகளை. அணுகுண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பலுக்குப் பின்னால் வெடிக்கச் செய்வது. கப்பலின் அடியில் பெரிய இரும்புத் தட்டு. ஒவ்வொரு வெடியும் தட்டை உதைத்து முன்னே தள்ளும். கேட்டபோது கிறுக்குத்தனமாக இருந்தது. தீபாவளிக்குப் பட்டாசின் மேல் பால்டின்னைக் கவிழ்த்துப் பறக்கவிடுகிற பிள்ளைகளைக் கூப்பிட்டார். டின்னின் மேல் ஒரு முட்டையை வைத்துக் கட்டினார். வெடித்ததும் முட்டை உடைந்து, பார்த்துக்கொண்டிருந்த மண்டோரின், அதாவது எங்கள் கங்காணியின், புது வேட்டியில் விழுந்தது. அடுத்த டின்னில் முட்டைக்கு அடியில் தடித்த ரப்பர் ஷீட்டை நான்காக மடித்து வைத்தார். டின் கூரை உயரம் போய் விழுந்தது, முட்டை அப்படியே இருந்தது. மண்டோர் மட்டும் சிரிக்கவில்லை. “நட்சத்திரத்துக்குப் போறது இருக்கட்டும், என் வேட்டிக்கு யார் பதில் சொல்றது?” என்று கேட்டுக்கொண்டே போனார்.

அந்த வழியில் போனால் நூற்றைம்பது வருடம். குண்டுகளை வானத்தில் வெடிக்கக் கூடாது என்று நாடுகள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். ஆனால் இயந்திரம் நடக்கும் என்பதுதான் முடிவு.

நான் கடைசிப் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தேன். நூறு பேர், ஆளுக்கு அறுபது கிலோ, அவர்களுக்கு வேண்டிய சாப்பாடு, தண்ணீர், காற்று. வயிறு மேசையில் இடித்ததால் நாற்காலியைத் தள்ளிப்போட்டுக் குனிந்து அடித்தேன். உள்ளே பிள்ளை உதைத்தது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கேட்கலாமா, தப்பாக எடுத்துக்கொள்வாரா என்று இரண்டு வரி அடிக்கும் வரை யோசித்தேன்.

“அக்கா, நூத்தம்பது வருஷத்துல இவங்க எல்லாம் செத்துப் போயிருவாங்களே. போய்ச் சேர்றது யாரு?”

“அவங்க பிள்ளைங்க. பேரப்பிள்ளைங்க.”

“பிள்ளைங்கள எங்க சேர்த்தீங்க? காணோமே.”

தாளை என் கையிலிருந்து வாங்கினார். ஒரு சொட்டைக்கூடத் தாண்டவிடாத அந்த அக்கா, எல்லாவற்றுக்கும் எடை பார்த்த அக்கா, பிள்ளைகளை மறந்திருந்தார். எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. தாளை அப்படியே வைத்துக்கொண்டு, நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார். பிறகு அவரே, “நடுவுல பிறக்கிறவங்களுக்குக் கிளம்பின இடமும் தெரியாது, சேர்ற இடமும் தெரியாது. அவங்கள யாரும் கேட்கலை” என்றார். நம் தாத்தாக்கள் கப்பலேறி இங்கே வந்தபோது நம்மை யார் கேட்டார்கள் என்று நான் சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பிரசவம் முடிந்து திரும்பி வந்தபோது புதிதாக நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தார். பிள்ளைகளைப் பற்றிய பகுதி. அதில் ஓர் அட்டவணை, எந்த வயதுப் பிள்ளை எத்தனை கிலோ இருக்கும் என்று. பிறக்கும்போது 2.7. பிறகு மாதா மாதம், பதினோராவது மாதம் வரை. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்றுதான், எட்டு வயது வரை. ஏன் பதினோரு மாதத்துக்கு மேல் மாதக் கணக்கு இல்லை என்று கேட்டேன். அதற்கப்புறம் கிடைக்கவில்லை என்றார். ஏதோ புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறார், புத்தகத்தில் இல்லைபோல என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து அவருடைய அக்கா வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. ஒன்பது வயது, துறுதுறுவென்று இருந்தாள். ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசினாள். என் குழந்தைக்கு எடை பார்க்கத் தோட்டத்து கிளினிக்குக்கு நான் கிளம்பியபோது அவர்களும் கூட வந்தார்கள். அங்கே டிம்பாங் அக்கா அந்தப் பெண்ணைத் தராசில் ஏறச் சொன்னார்.

“ஒவ்வொரு வருஷமும் இதே வேலையா, சின்னம்மா? நான் என்ன கோழியா?” என்றாள் அவள்.

“கோழின்னா இந்நேரம் குழம்பாயிருப்பே. ஏறு.”

செருப்பைக் கழற்றச் சொன்னார். தலையில் இருந்த பிளாஸ்டிக் வளையத்தையும் எடுக்கச் சொன்னார். முள் இருபத்து மூன்றரையில் நின்றது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். கோலாலம்பூர் அக்கா சிரித்துக்கொண்டே, “என்னா நிறுத்துப் பார்த்து என்னா செய்ய? தவிட்டுக்கு வாங்கின பிள்ளைதானே இது” என்றார். எல்லா வீட்டிலும் பிள்ளைகளைச் சீண்டச் சொல்வதுதானே. நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா? “எத்தனை படி தவிடு கொடுத்தீங்க?” என்று கேட்டேன். அந்தப் பெண் என் கையில் கிள்ளினாள். எல்லோரும் சிரித்தோம். டிம்பாங் அக்கா குனிந்து செருப்பை எடுத்து அவள் காலுக்கு நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அட்டவணையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லித் துண்டுத்தாள் கொடுத்தார். ஒன்பது வயது, 23.5.

என் விரல் அந்தப் புள்ளியிலேயே நின்றுவிட்டது. மேலே பார்த்தேன். எட்டு வயது, ஏழு, ஆறு. அப்படியே மேலே மேலே போய்ப் பதினோரு மாதம், பத்து, ஒன்பது. உச்சியில் பிறந்த எடை. சின்னம்மாவுக்கு எங்கேயிருந்து மாதா மாத எடை கிடைத்தது? தவிடு என்று நான் கேட்டது காதில் திரும்பக் கேட்டது.

“அக்கா, அந்தப் பிள்ளை…”

“என்னோடதுதான்” என்றார். தாள் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தார், கத்தரிக்கோல் நிற்கவில்லை.

அவர் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். புருஷன் செத்தபோது பிள்ளைக்கு ஆறு மாதம். மில்லில் இரவு பகல் என்று மாறி மாறி வேலை. தமக்கைக்குப் பிள்ளை இல்லை, நகரத்தில் வீடு, பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம். பதினோராவது மாதத்தில் கொடுத்துவிட்டார். அதுவரை வேறு தோட்டத்து மில்லில் இருந்ததால் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியாது.

“ரெண்டு பேரையும் தூக்குற அளவுக்கு இஞ்சின் இல்ல. ஒரு ஆளை இறக்கியாகணும். நான் இறங்கிக்கிட்டேன்” என்றார். மில் விஷயம் பேசுகிற அதே குரல்.

எனக்குக் கோபம் வந்ததா, பாவமாக இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆபீஸ் மூலையில் கட்டியிருந்த தொட்டிலில் கிடந்த என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவளிடம் எப்போது சொல்வீர்கள் என்று கேட்டேன்.

“சொன்னா நிக்கணும் லா. அவ ஓடிக்கிட்டிருக்கா. நிறுத்துறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?”

கட்டுரையை அனுப்பினோம். நான்கு மாதம் கழித்துச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இயந்திரக் கணக்கு நன்றாக இருக்கிறது, பிள்ளைகளைப் பற்றிய பகுதி எங்கள் சஞ்சிகைக்குப் பொருத்தமில்லை, அந்த நான்கு பக்கத்தை எடுத்துவிட்டால் வெளியிடுவது பற்றி யோசிப்போம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான்கு பக்கம்தானே! சொம்பையும் சேலையையும் எடுத்து வெளியே வைத்தவருக்கு நான்கு பக்கம் என்ன பெரிய விஷயம்? நானே பக்க எண்களை மாற்றி அடித்துத் தருகிறேன் என்றேன்.

வேண்டாம் என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அது போகாவிட்டால் எதுவும் போகவேண்டாம் என்று கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டார். கட்டுரை வரவே இல்லை. அடுத்த வருடம் ஜொகூரில் வேறு மில்லுக்கு மாற்றலாகிப் போனார். இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது பதின்மூன்று வயது இருக்கும். யாராவது சொல்லியிருப்பார்களா, தெரியாது.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், எனக்கு இரண்டாவதும் பெண். பிறந்து எட்டு மாதம் ஆகிறது. என் நாத்தனார் கோலா குபு பாருவில் இருக்கிறார். கல்யாணமாகிப் பதினொரு வருடம், பிள்ளை இல்லை. அவரும் புருஷனும் அரசாங்க வேலை. நான் கர்ப்பமாக இருக்கும்போதே, இரண்டாவது பிள்ளையை அவருக்குக் கொடுப்பதாக மாமியார் பேசிவிட்டார். எங்கள் குடும்பத்தில் இது புதிதில்லை, மாமியாரே அப்படி வளர்ந்தவர்தான். என்னிடம் கேட்டபோது நான் சரி என்று தலையாட்டினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அதையும் சொல்லவேண்டும். தை மாதம் கோவிலில் காது குத்தி, அன்றைக்கே நாத்தனார் மடியில் போடுவதாக ஏற்பாடு. அதற்குப் பிறகு என் மகள் என்னை அத்தை என்று கூப்பிடுவாள்.

நாத்தனார் நல்லவர். போன வாரம் வந்தபோது குழந்தை அவர் தோளில் தூங்கிவிட்டது. அவர் அசையாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதைப் பார்த்தபிறகு இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? கொடுத்தால் என் பிள்ளை என்னிடம் இருப்பதைவிட நன்றாகப் படிப்பாள், அதுவும் தெரிகிறது. கொடுக்காவிட்டால் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் பயமாக இருக்கிறது. என் கணவரிடம் பேசினேன். நீ சொன்ன சொல்தானே என்கிறார். அதுவும் உண்மை.

வாசகர்களே, எனக்கு யோசனை சொல்லுங்கள். கொடுத்த வார்த்தையை ஒரு தாய் திரும்ப வாங்கலாமா? கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், யார் பெற்றவள் என்று அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே சொல்லி வளர்க்க வேண்டும் என்று நாத்தனாரிடம் நான் கேட்கலாமா, அல்லது அது அவருக்குச் செய்கிற துரோகமா? பிள்ளையைக் கொடுத்தவர்கள் எழுதுங்கள், வாங்கி வளர்த்தவர்களும் எழுதுங்கள். கொடுக்கப்பட்ட பிள்ளையாக வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உறையின் மேலேயே அதைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். உங்கள் கடிதத்தைத்தான் முதலில் பிரிப்பேன். தை பிறப்பதற்குள் வந்து சேரும்படி போடுங்கள்.